தொண்ணூற்று நான்கு சதவீதம் சாப்பிட்டவர்

சூப்பை ஆறவிடாதீர்கள், அம்மா. வேர்க்கடலை சூப்பைச் சூடாகக் குடிக்க வேண்டும், ஆறினால் மேலே ஆடை கட்டிவிடும். ஃபைலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு இரண்டு கரண்டி குடியுங்கள். உங்கள் கேள்விகள் எங்கேயும் ஓடிப்போகாது. மத்தியான வேளையில் வந்தவரை வெறும் வயிற்றோடு உட்காரவைத்துப் பேசினேன் என்று தெரிந்தால் கோச்சபம்பாவில் ஒருவரும் என் முகத்தில் விழிக்க மாட்டார்கள்.

தோன்யா ஃபெலிசா உங்கள் விசாரணை அலுவலகத்துக்கு வந்து, "என் புருஷனை நான்தான் கொன்னேன், என்னைப் பிடிச்சு உள்ள போடுங்க" என்று அழுததாகச் சொல்கிறீர்கள். மூன்று நாளாக வாசலை விட்டு நகரவில்லை என்கிறீர்கள். அதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டும். தாராளமாகச் சொல்கிறேன். புருஷனுக்கு வந்த சாப்பாட்டை அவர் சாப்பிட்டதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பொய் எதற்கு, நன்றாகவே சாப்பிட்டார். ஆனால் அந்த அம்மாவுக்கு விஷயத்தில் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்ல வேண்டுமென்றால் மெஷினிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ஆஸ்பத்திரியின் சமையலும் உணவுப் பிரிவும் முப்பத்தொரு வருஷமாக எல்வீரா மோந்தானோவாகிய என் கையில் இருக்கின்றன. லிசென் என்று கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கிய நர்சு, சத்துணவு நிபுணர் எல்லாரும் இங்கே லிசென்தான். முப்பத்தொரு வருஷமும் தட்டுகள் பாதி நிறைந்துதான் திரும்பி வந்தன. உடம்பு சரியில்லாதவன் எவ்வளவு சாப்பிடுவான்? மிச்சம் எல்லாம் பின்கட்டில் வாளிக்குப் போகும். சகாபாவிலிருந்து தோன் நெமேசியோ வந்து தன் பன்றிகளுக்கு எடுத்துப் போவார். யாரும் அதைப் படம் பிடித்ததில்லை. எல்லாரும் நிம்மதியாக இருந்தோம்.

போன மார்ச்சில் மினிஸ்ட்ரி இருக்கிற லா பாஸிலிருந்து மூன்று இன்ஜினியர்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். சாப்பாட்டு வண்டியின் தலையில் ஒரு கேமராவைப் பொருத்தினார்கள். தட்டு போகும்போது ஒரு படம், திரும்பும்போது ஒரு படம். எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மெஷின் பார்த்து, கட்டில் எண்ணுக்கு நேரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பொட்டு வைக்கும். சிவப்பு விழுந்தால் ஒரு நாளைக்குள் என் பிரிவு ஆள் போய் அந்த நோயாளியை எடை போட்டு, கெண்டைக்கால் சுற்றளவு எடுத்து, ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டு, சத்துப்பால் டின்னைத் திறக்க வேண்டும். பச்சை விழுந்தால் ஒன்றும் வேண்டாம். சாப்பிடுகிறவனை எதற்கு எடை போட வேண்டும் என்று அவர்களே தீர்மானித்திருந்தார்கள். பெரிய படிப்பு படித்தவர்கள், நான் ஏன் குறுக்கே பேசப்போகிறேன்?

முதல் வாரத்தில் நூற்றுப் பன்னிரண்டு கட்டிலில் நாற்பத்து மூன்று சிவப்பு. அந்தத் திரை டைரக்டரின் அறைச் சுவரில் மாட்டியிருந்தது. டாக்டர் அரிஸ்பே என்னைக் கூப்பிட்டுவிட்டார். அவர் முகமே ஒரு சிவப்புப் பொட்டாக இருந்தது.

"என்ன லிசென் இது அசிங்கம்? ஒருரோவுல சாப்பிடாம கெடக்கலாம், பொத்தோசில கெடக்கலாம், குளிர்ற ஊரு, பாவம். இது திங்குற ஊரு! கோச்சபம்பாவுல நோயாளி பட்டினியா கெடக்கான்னு மினிஸ்ட்ரியில தெரிஞ்சா வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்க மாட்டான்?"

"சரி பண்ணிடறேன் டாக்டர்."

"எப்படியோ பண்ணுங்க. இந்தச் செவப்பு என் கண்ணுல படக்கூடாது."

அவர் அந்த நாற்பத்து மூன்று பேரைப் பற்றிக் கேட்கவில்லை, நிறத்தைப் பற்றித்தான் கேட்டார். நானும் கேட்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வலித்தது வேறு. என் சூப்புக்கு ஒருவன் சிவப்புப் பொட்டு வைக்கிறான், அதை டைரக்டர் சுவரில் மாட்டி வைத்துப் பார்க்கிறார். எனக்கு ரோஷம் உண்டு, அம்மா.

அந்த வருஷம்தான் யோசெலின் என்ற பெண் என் பிரிவில் சேர்ந்திருந்தாள். வயது இருபத்தாறு, நாக்கு முழ நீளம். "லிசென், யஹ்வா இல்லாம இந்த ஊர்ல யாரு சாப்பிடுவா? ஒரு ஸ்பூன் வெச்சுப் பாருங்க, தட்டு தானா காலியாகும்" என்றாள். அவள் கேட்டது மிளகாயும் தக்காளியும் கல்லில் அரைத்த துவையலை. நான் உணவு விதிப் புத்தகத்தை எடுத்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் காரம் கூடாது என்ற பக்கத்தைக் காட்டினேன். அவள் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கண்டுபிடித்த வழி அதைவிட எளிது. அதுவரை சாப்பாட்டு நேரத்தில் துணைக்கு வந்தவர்களை வெளியே அனுப்பிவிடுவோம். அந்த விதியை எடுத்தேன். 'அன்போடு ஒரு கவளம்' என்று போஸ்டர் ஒட்டினோம். டைரக்டர் ஒரு கிழவியின் வாயருகே கரண்டியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு மூன்று தடவை எடுக்க வேண்டியிருந்தது, முதல் இரண்டில் அவர் கண்ணை மூடியிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊரில் தட்டில் மிச்சம் வைப்பது சமைத்தவள் முகத்தில் துப்புவது. நோயாளி இரண்டு வாய் வைத்துவிட்டு, "போதும், நீ சாப்பிடு" என்பான். துணைக்கு வந்தவள் விடிகாலையில் இரண்டு பஸ் மாறி வெறும் வயிற்றோடு வந்திருப்பாள். அவள் சாப்பிடுவாள், ரொட்டியால் தட்டைத் துடைத்தும் எடுப்பாள். கேமரா தட்டை மட்டும்தான் பார்க்கும், போனது யார் வாய்க்கு என்று அதற்குத் தெரியாது. மூன்றே வாரத்தில் நாற்பத்து மூன்று ஆறாகக் குறைந்தது.

அந்த ஆறு பேருக்கு யாரும் இல்லை. அதனால் வண்டி தள்ளும் அசுந்தாவிடம், கேமராவுக்கு அடியில் வைக்கும் முன்பே அந்தத் தட்டுகளை வாளியில் வழித்துவிடச் சொன்னேன். மெஷினைக் கெடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதன் மேல் ஒரு தூசி படவிட்டதில்லை. லென்ஸைத் தினமும் என் கையால் துடைத்தேன். அந்த வருஷம் இந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் எடை கூடியவர்கள் நெமேசியோவின் பன்றிகளும் நானும்தான். நான் எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

சூப்பு, அம்மா.

சரி. இருபத்தேழாம் கட்டில், தோன் செவெரோ, தோன்யா ஃபெலிசாவின் புருஷன். கியாகொயோ ஊர் பாண்டில் டிரம்பெட் வாசிப்பவர். திருவிழாவுக்குப் போகிற லாரியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது, முன்பற்கள் நான்கு போயின. வந்த அன்று கன்னம் இரண்டும் உப்பி ஆள் உருண்டையாக இருந்தார். நாற்பது வருஷம் ஊதிய கன்னம். முதல் நாள் சூப்பைப் பார்த்துவிட்டு, "லிசென், இது என்னைப் பாத்துக் கொட்டாவி விடுது. ஒரு சொட்டு யஹ்வா குடுங்க, எழுப்பி விட்டுடறேன்" என்றார். வார்டே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவருக்குப் பல் இல்லாததால் வேகவைத்த சோளமும் இறைச்சியும் மெல்ல முடியாது, மசித்த சாப்பாடும் பாலும் தேவை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் அதற்கு மெஷினில் சிவப்பு விழ வேண்டும். சிவப்பு விழாமல் டின் திறந்தால் ஏன் திறந்தேன் என்று எழுத வேண்டும்.

தோன்யா ஃபெலிசா தினமும் விடிகாலையில் வந்து இரவுச் சாப்பாடு முடிந்துதான் போவார். சந்தையில் மூலிகை விற்கிறவர், பாவாடையில் எப்போதும் கெமோமில் பூ வாசனை. முதல் மூன்று நாள் புருஷனின் தட்டைத் தொடவே இல்லை. "இது அவருக்கு வந்தது, லிசென். நான் எப்படி?" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இருபத்தேழில் மூன்று நாளும் சிவப்பு. டின்னைத் திறந்தால் அந்தச் சிவப்பு ஃபைலிலும் ஏறிவிடும் என்று நான் திறக்கவில்லை. டைரக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாலாம் நாள் நான் அந்த அம்மாவின் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். அன்றையிலிருந்து சாப்பிட ஆரம்பித்தார்.

இரண்டாவது வாரமே யோசெலின் என் அறைக்கு வந்தாள். கையில் தையல்காரர் டேப்.

"லிசென், இருபத்தேழு காய்ஞ்சுக்கிட்டே போறாரு. வந்தப்ப கெண்டைக்கால் முப்பத்துமூணு. இன்னிக்கு இருபத்தொன்பது."

"மெஷின் என்ன சொல்லுது?"

"மெஷின் தட்டைப் பாக்குது. நான் காலைப் பாக்கறேன்."

"அப்போ நீ தையல் கடையிலதான் வேலை தேடணும்" என்றேன்.

"அவரு சாப்பிடல லிசென், அவரு சம்சாரம் சாப்பிடுது! உங்களுக்குத் தெரியும்!"

மறுநாள் அவளை ஸ்டோருக்கு மாற்றினேன். சத்துப்பால் டின்கள் அங்கேதான் அடுக்கியிருந்தன, ஒன்றின் சீல்கூட உடையவில்லை. அவற்றைத் துடைத்து வைக்கும் பொறுப்பை அவளுக்குக் கொடுத்தேன். கோபத்தில் செய்யவில்லை, வாயாடிகளுக்கு அமைதியான இடம் நல்லது.

மெஷினை நான் குறை சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு தடவை கத்திப் பார்த்தது. இருபத்து நாலாம் நாள் திரையில் இருபத்தேழுக்குப் பச்சை, பக்கத்தில் ஒரு குறிப்பு: தட்டில் உண்ண முடியாத பொருள். போய்ப் பார்த்தால் காலிக் கிண்ணத்தின் அடியில் தோன் செவெரோவின் கல்யாண மோதிரம். விரலில் நிற்காமல் கழன்று சூப்பில் விழுந்திருக்கிறது. நான் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், உள்பக்கம் வெள்ளை நூலைச் சுற்றி, அவர் விரலில் போட்டுவிட்டேன். கச்சிதமாக நின்றது. "ரொம்ப நன்றி லிசென், உங்களுக்குத் தங்கமான மனசு" என்றார். அப்போது அவர் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. மெஷின் குறிப்புக்கு எதிரே 'சரி செய்யப்பட்டது' என்று பதிந்தேன்.

அதற்குப் பிறகுதான் சாலை மறியல் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், கியாகொயோ ரோட்டில் கல்லையும் டயரையும் போட்டு ஒன்பது நாள் அடைத்தார்களே. தோன்யா ஃபெலிசாவால் வர முடியவில்லை. நெமேசியோவின் வண்டியும் வரவில்லை, வாளிகள் நிரம்பி நாறின, அசுந்தா கொண்டுபோய்க் கொட்ட இடம் இல்லை. அந்த வாரக் கடைசியில் மினிஸ்ட்ரியின் விருதுக் குழு வந்து திரையைப் பார்ப்பதாக இருந்தது. மறியலின் முதல் நாள் இருபத்தேழின் தட்டு அப்படியே நிறைந்து உட்கார்ந்திருந்தது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒரு கரண்டி வாயில் வைத்தார், சோளத்தை மெல்லப் பார்த்தார், துப்பிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"முடியல லிசென். நீங்க சாப்பிட்டீங்களா? இந்த நேரத்துல எனக்காக உக்காந்திருக்கீங்களே."

"இன்னும் இல்லை, தோன் செவெரோ."

"அப்ப சாப்பிடுங்க. ஆறிடப்போவுது."

சாப்பிட்டேன். வீணாக்குவது பாவம் என்று வளர்த்திருக்கிறார்கள். ஒன்பது நாளும், மூன்று வேளையும், அவர் கட்டிலருகே உட்கார்ந்து அவர் தட்டைச் சாப்பிட்டேன். பேசிக்கொண்டுதான் சாப்பிட்டோம், இல்லை, சாப்பிட்டேன். எந்தெந்தத் திருவிழாவில் எத்தனை மணி நேரம் ஊதினார் என்றெல்லாம் சொல்வார். ஐந்தாம் நாளுக்கு மேல் அவர் பேச்சு கரகரத்தது, ஏழாம் நாளுக்கு மேல் பேச்சே இல்லை, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். கம்பி போட்ட இடம் ஆறாமல் சீழ் வைத்தது. ஆறுவதற்கு உடம்பில் ஏதாவது இருந்தால்தானே. வார்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "சாப்பிடறாரா?" என்று கேட்டார். திரையைக் காட்டினேன். ஒன்பது நாளும் நூறு சதவீதம், பச்சைப் பசேல் என்று. "அப்போ சாப்பாட்டுல குறை இல்ல" என்று மருந்தை மாற்றினார்.

ஒன்பது நாளில் எனக்கு இரண்டரை கிலோ கூடியது. என் யூனிஃபார்மில் இடுப்புப் பொத்தானைத் தள்ளித் தைத்தேன்.

மறியல் முடிந்து ஒன்பதாவது நாள் அவர் இறந்தார். அன்றைக்கே எங்களுக்கு விருது கொடுத்தார்கள், முன்கூடத்தில் மாலை, மைக், டைரக்டரின் இருபது நிமிஷப் பேச்சு. நாட்டிலேயே நோயாளிகள் நன்றாகச் சாப்பிடும் ஆஸ்பத்திரி. நான் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வழியாகத் திரும்பி வந்தபோது கிளார்க் மேசை முன்னால் தோன்யா ஃபெலிசா நின்றிருந்தார். உடலை எடுத்துப் போகக் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு அவ்வளவாகப் படிக்க வராது. கிளார்க் பேப்பரை வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தான்.

"உணவு, சராசரி தொண்ணூத்தி நாலு சதவீதம். முப்பதாம் நாள்லேருந்து முப்பத்தெட்டாம் நாள் வரைக்கும் நூறு."

"அது எந்த நாளு, தம்பி?"

கிளார்க் தேதியைச் சொன்னான். அந்த அம்மா விரல் விட்டு எண்ணினார். ஒரு தடவை எண்ணி, மறுபடி எண்ணினார்.

"மறியல் நாளு. நான் வராத நாளு." தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். "ஐயோ, நான் வராதப்ப அவரு வயிறாரச் சாப்பிட்டிருக்காரு. நான் வந்து வந்து புடுங்கித் தின்னுருக்கேன். லிசென், நான்தானே? நான் தின்னுதானே செத்தாரு?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். கேடயத்தை மேசை மேல் வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்? இறந்தவர் இறந்துவிட்டார், ஒரு விருது நாளைக் கெடுப்பானேன் என்று இருந்தது.

அந்த அம்மா உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்ததும், யோசெலின் தன் டேப் குறிப்புகளை உங்களுக்கு அனுப்பியதும் பிறகு நடந்தவை. அவளாக என்னிடம் வந்து கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். நான் கேட்டால் உண்மை சொல்கிறவள். இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். தோன்யா ஃபெலிசாவை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் அவர் காதில் சொன்ன வார்த்தை இதுதான்: "தட்டுல மிச்சம் வந்தா உங்க வீட்டுக்காரருக்கு அளவைக் குறைச்சிடுவாங்க. மிச்சம் வராம பாத்துக்கோங்க." அப்படி ஒரு விதி கிடையாது. நான் அந்த நிமிஷம் உண்டாக்கினேன். புருஷனின் சோறு குறைந்துவிடக் கூடாது என்றுதான் அந்த அம்மா ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டே சாப்பிட்டார். அவர் வராத ஒன்பது நாளும் நூறு சதவீதம் சாப்பிட்டது நான். தோன் செவெரோ சாப்பிடாமல் சாகிறார் என்று தெரிந்துதான் சாப்பிட்டேன், மோதிரத்துக்கு நூல் சுற்றிய அன்றைக்கே தெரியும். வாளி ஆறு பேரில் நான்கு பேர் இப்போது இல்லை, அவர்கள் பெயரையும் தருகிறேன். டைரக்டருக்கு ஒன்றும் தெரியாது, அவர் தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் கைதேர்ந்தவர்.

ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதுங்கள், அம்மா. கொலை என்ற சொல் எனக்குப் பொருந்தாது. முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு நோயாளிக்கும் சாப்பாடு இல்லை என்று சொன்னதில்லை. எல்லாருக்கும் தட்டு போனது, நேரத்துக்குப் போனது, சூடாகப் போனது. மெஷினில் எல்லாம் இருக்கிறது, போகும்போது எடுத்த படத்தைப் பாருங்கள்.

அட, நீங்கள் கரண்டியையே தொடவில்லையே. ஆடை கட்டிவிட்டது பாருங்கள். பரவாயில்லை, எழுதும் மும்முரத்தில் பசி தெரியாது. கிண்ணத்தை இப்படித் தள்ளுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

உப்பு கொஞ்சம் கம்மிதான். யோசெலின் சொன்னது சரி, ஒரு சொட்டு யஹ்வா இருந்தால் எங்கேயோ போயிருக்கும். ரொட்டி இருக்கிறதா? இதோ, அடியையும் துடைத்துவிட்டேன்.

பாருங்கள், கிண்ணம் காலி. நீங்கள் நன்றாகச் சாப்பிட்டீர்கள் என்று எழுதிவிடுகிறேன்.